கோழி வாங்கிய கிழமை

எங்கள் ஊரில் கோழி பஞ்சாரத்திலிருந்து குழம்புச் சட்டிக்கு வர ஒரு மணி நேரம் போதும். புதுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமம். விருந்தாளி தலை தெருமுனையில் தெரிந்ததும் அம்மா பஞ்சாரத்தைச் சாய்த்து ஒன்றைப் பிடிப்பார். அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, மஞ்சள் பூசி, வைக்கோலைக் கொளுத்தி வாட்டி, வெட்டிக் கழுவி அடுப்பில் ஏற்றும்போது வந்தவர் ஊர்க்கதையில் பாதியைக்கூட முடித்திருக்க மாட்டார்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. தண்ணீர் பாட்டில், இட்லி மாவு, மல்லிகைப்பூ, அப்பாவின் இன்சுலின், அவ்வளவுதான். பச்சைக் கறி அதற்குள் போனதே இல்லை. 2012-இல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் போய்க்கொண்டிருந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஃபோன் போட்டு, "ஃபிரிட்ஜ் ஓடுதாம்மா?" என்று கேட்டேன். "அது ஃபிரிட்ஜ் இல்ல தம்பி, பீரோ" என்றார். அப்போது சிரித்தேன். கறியை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அந்தப் பெட்டி ஒருநாளும் நடந்துகொள்ளவில்லை என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

ஆகவே பச்சைக் கோழி எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு எனக்கு வீட்டுப் பாடம் எதுவும் கிடையாது. 2011-இல் சிங்கப்பூர் வந்த பிறகுதான் அந்தக் கேள்வியே முளைத்தது. அதுவும் ஒரு ஃபிரிட்ஜை ஆறு பேர் பங்கு போட்டுக்கொண்ட வீட்டில்.

உட்லண்ட்ஸில் நான்கறை வீடு. ஆளுக்கு அரைத் தட்டு இடம். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா. இங்கே இருக்கும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தேக்கா என்பது சந்தை மட்டும் இல்லை. பணம் அனுப்ப வேண்டும், ஊர்க்காரர்களைப் பார்க்க வேண்டும், முடி வெட்ட வேண்டும், பஃபலோ ரோட்டில் முருங்கைக்காய் விலை கேட்டுப் பெருமூச்சு விட வேண்டும். ஆனால் ஈரச்சந்தையில் நல்ல கோழி மதியத்துக்குள் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் காலை பத்து மணிக்கே முதல் வேலையாகக் கோழி வாங்கிவிடுவோம்.

"குழம்புக்கா, பொரிக்கவா தம்பி?"

"குழம்புக்கு. சின்னதா வெட்டுங்க பாய்."

இரண்டு கோழி, சிவப்புப் பிளாஸ்டிக் பை, இறுக்கமாக ஒரு முடிச்சு. அந்தப் பை அதற்கப்புறம் என்னோடு ஊர் சுற்றும். பணம் அனுப்பும் வரிசையில் நிற்கும். முஸ்தஃபாவில் சோப்பு வாங்கும். சாப்பாட்டுக் கடையில் மேசைக்கு அடியில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கக் காத்திருக்கும். மூன்று மணிக்கு லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, தோபி காட்டில் மாறி, உட்லண்ட்ஸ் போய்ச் சேர நாலாகிவிடும். இந்த ஊர் ரயிலில் டுரியானுக்கு இடமில்லை, படம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். ஆறு மணி நேரம் புழுக்கத்தில் ஊறிய கோழியை ஒருவரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து பையை அப்படியே ஃபிரிட்ஜில் திணித்துவிட்டு, 'பத்திரம்' என்று நினைத்துக்கொள்வேன். என் கணக்கு அந்த நொடியில்தான் தொடங்கும். ஞாயிறு சாயங்காலம் உள்ளே போனது, புதன் வரைக்கும் தாங்கும் என்பது எங்கள் அறைச் சட்டம். இந்தச் சட்டத்தை யார் எழுதினார் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் சமையல் என் முறை. மன்னார்குடி அண்ணன் ஒருவர் எங்களோடு இருந்தார். அறைக்கு அவர்தான் மூக்கு. பால், தயிர், மீன், கறி எதுவானாலும் அவர் முகர்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். பையை அவிழ்த்து மூக்கருகே கொண்டுபோனார். "ஒண்ணுமில்ல, போடு" என்றார். போட்டேன். குழம்பு நன்றாகவே வந்தது. ஐந்து பேர் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை நடு இரவில் இரண்டு பேருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. காய்ச்சல், கழிச்சல், முதுகு நிமிர முடியவில்லை. மறுநாள் காலையில் மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். இருவரும் ஒரே குரலில் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கடையைத் திட்டினார்கள். டாக்டர் தமிழ்ப் பெண்மணி. நிதானமாகக் கேட்டுவிட்டு, "நேத்து சாப்பிட்டத விடுங்க. புதன், வியாழன் என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. வயிற்றுக் கோளாறு வந்தால் கடைசியாகச் சாப்பிட்டதையே குற்றவாளியாக்குவது நம் எல்லோருக்கும் வழக்கம். கோழியோடு வரும் கிருமிகளில் முக்கியமான இரண்டில், காம்பைலோபாக்டர் உள்ளே போய்த் தன் வேலையைக் காட்ட இரண்டிலிருந்து ஐந்து நாள் எடுத்துக்கொள்ளும். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் காட்டலாம், ஆறு நாளும் எடுக்கலாம். செய்த கை ஒன்று, திட்டு வாங்கும் கை வேறு. பாவம், அந்த வெள்ளிக்கிழமைக் கடைக்காரர்.

எது காரணம் என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லைதான். ஆனாலும் அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது ஒன்று உறைத்தது. குழம்பு சாப்பிட்டது ஐந்து பேர், படுத்தது இரண்டு பேர். அந்த இரண்டு பேர் மட்டும்தான் வெங்காயத் தயிர்ப் பச்சடி போட்டுக்கொண்டவர்கள். அந்த வெங்காயத்தை நறுக்கியது நான். எந்தப் பலகையில் கோழியின் பெரிய துண்டுகளைச் சின்னதாக்கினேனோ அதே பலகையில், தண்ணீரை ஒரு ஊற்று ஊற்றிவிட்டு.

நம் சமையலைப் பற்றி எனக்குள் ஒரு பெருமிதம் உண்டு. கோழிக் குழம்பில் அரைவேக்காடு என்ற பேச்சுக்கே இடமில்லை. கோழி பாதுகாப்பாக வெந்ததற்கு அளவு உள்ளே 74 டிகிரி செல்சியஸ் என்கிறார்கள். கொதிக்கும் குழம்பு அதைத் தாண்டித்தான் நிற்கும். ஆகவே சட்டிக்குள் நமக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்தெல்லாம் சட்டிக்கு வெளியே, பலகையில், கத்தியில், குழாயின் திருகில், பையிலிருந்து சொட்டிய சிவந்த நீரில், அந்த நீர் விழுந்த கொத்தமல்லிக் கட்டில். காம்பைலோபாக்டருக்குச் சில நூறு கிருமிகள் உள்ளே போனாலே போதும். ஒரு சொட்டில் அதைவிட அதிகம் இருக்கலாம்.

சரி, மூக்குக்கு வருகிறேன். மன்னார்குடி அண்ணன் பொய் சொல்லவில்லை, அவர் மூக்கும் பழுதில்லை. கோழியைக் கெடுக்கும் கிருமிகள் ஒரு கூட்டம், நம்மைப் படுக்க வைக்கும் கிருமிகள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தில் சூடோமோனஸ் போன்றவை குளிரிலும் பெருகும். நாற்றமும், தொட்டால் வழவழப்பும் அவற்றின் கைவேலை. சால்மோனெல்லாவும் காம்பைலோபாக்டரும் நாற்றம் காட்டிக் கொடுக்கும் ஜாதி இல்லை. கோழி நாறினால் கண்டிப்பாகத் தூக்கிப் போட வேண்டும். நாறாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. பாதித் தீர்ப்புத்தான் மூக்கால் சொல்ல முடியும். இதை நான் அண்ணனிடம் சொன்னபோது, "அப்ப என் மூக்கு எதுக்கு?" என்று கேட்டார். ரசத்துக்கு என்றேன்.

நாள் கணக்கு உண்மையில் மிகச் சுருக்கம். ஃபிரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால் பச்சைக் கோழிக்கு ஒன்றிலிருந்து இரண்டு நாள். அமெரிக்க வேளாண் துறை பல காலமாகச் சொல்லிவரும் அளவு இது. முழுக் கோழிக்கும் அதுதான், துண்டுக்கும் அதுதான், கொத்துக்கறிக்கும் ஈரலுக்கும் அதுதான். சமைத்த கோழி என்றால் மூன்று, நான்கு நாள். எங்கள் அறைச் சட்டத்தின் 'புதன் வரைக்கும்' இதில் எங்கேயும் பொருந்தவில்லை.

ஆனால் இந்த ஒன்று, இரண்டு நாளை நான் முதலில் படித்தபோது கவனிக்காமல் விட்டது அதற்கு முன்னால் வரும் நேரத்தை. சிங்கப்பூர் உணவு அமைப்பு ஆபத்தான வெப்பநிலை என்று சொல்வது 5 முதல் 60 டிகிரி வரை. நம் மத்தியான வெயில் 31, 32. கிருமிக்குக் கேட்டுக் கொடுத்த மாதிரி. நல்ல கதகதப்பும் ஈரமும் கிடைத்தால் ஒரு பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும். ஒரு மணி நேரத்தில் எட்டு, இரண்டு மணியில் அறுபத்து நான்கு, நான்கு மணியில் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. நிஜத்தில் எல்லாக் கிருமியும் இந்த வேகத்தில் ஓடாது, ஆனாலும் போக்கு அதுதான். ஃபிரிட்ஜ் இதில் எதையும் திருப்பி எடுக்காது. நாலாயிரத்தை நாலாயிரமாகவே கூடியவரை நிறுத்தி வைக்கும். பிளாஸ்டிக் பையோடு நான் தேக்கா சுற்றிய ஆறு மணி நேரம், பெட்டிக்குள் கழித்த மூன்று நாளைவிடப் பெரிய குற்றம் என்றுதான் இன்று தோன்றுகிறது. சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பச்சைக் கறியை வெளியே விடக்கூடாது, 32-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது பொதுவான விதி. இந்த ஊரில் எந்த மாதத்திலும் எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கணக்கு.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வரிசையை மாற்றினேன். பணம், முடி, சோப்பு எல்லாம் முதலில். கோழி கடைசியில், நேரே ரயிலுக்குப் போகும் வழியில். பதினொன்றரைக்குப் போனால் நல்ல துண்டு கிடைக்கவில்லையா, முட்டைக் குழம்பு. பைக்குள் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஐஸ் பாட்டில். அண்ணன் என்னைக் கிண்டலடித்தார்: "மாப்பிள்ளைக்கு ஏசி கார்."

கல்யாணத்துக்குப் பிறகு ஈசூனில் எங்களுக்கென்று ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. ஆறு பேர் திறக்கும் பெட்டி போய் இரண்டு பேர் திறக்கும் பெட்டி. இனிக் கவலையில்லை என்று இருந்தேன். ஒரு நாள் சில சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவந்தேன். கதவுத் தட்டில் வைத்தால் 9. நடுத்தட்டில் 6. திருகை இரண்டு எண் கூட்டி, ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தும் 5-க்குக் கீழே இறங்க மறுத்தது. காரணம் வேறொன்றுமில்லை, அடைசல். மாவு இரண்டு டப்பா, ஊறுகாய் மூன்று, ஒரு வாரத்துக் கீரை, யாரோ கொடுத்த இனிப்பு. குளிர் காற்று சுற்றிவர இடமே இல்லை. பாதியைக் காலி செய்ததும் மறுநாள் 3 காட்டியது. கோழிக்கு இப்போது கீழ்த்தட்டின் பின்மூலை. மூடி போட்ட ஒரு எவர்சில்வர் பாத்திரத்துக்குள், சொட்டினாலும் அதற்குள்ளேயே சொட்டும்படி. கதவில் வைப்பதைப் போல முட்டாள்தனம் வேறு இல்லை, நான் வருடக்கணக்கில் அதைத்தான் செய்தேன்.

பேரங்காடியில் மூடி ஒட்டிய பெட்டியில் வரும் கோழியில் ஐந்தாறு நாள் தள்ளிக்கூடத் தேதி போட்டிருக்கிறதே என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அது ஆலையிலேயே உறைநிலைக்குப் பக்கத்தில் குளிர்வித்து, காற்றை உறிஞ்சியோ மாற்றியோ மூடி, வழியெல்லாம் குளிரிலேயே வந்தது. பிரிக்காமல் குளிரில் இருக்கும் வரைதான் அந்தத் தேதிக்கு மரியாதை. பிரித்துவிட்டால் அதுவும் தேக்கா கோழிதான், ஒன்று, இரண்டு நாள்.

2022 மே மாதம் இங்கே எல்லோரும் கோழியைப் பற்றியே பேசினோம். மே 23 அன்று மலேசியா, ஜூன் 1 முதல் மாதம் 36 லட்சம் கோழி ஏற்றுமதியை நிறுத்துவதாக அறிவித்தது. சிங்கப்பூருக்கு வரும் கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது, பெரும்பாலும் உயிரோடு வந்து இங்கே அறுக்கப்பட்டு. உறைந்த கோழி பிரேசிலிலிருந்து வந்துகொண்டேதான் இருந்தது, பட்டினி ஒன்றும் இல்லை. ஆனாலும் மே 31, செவ்வாய்க்கிழமை, நான் ஏழு கோழி வாங்கினேன். ஏன் ஏழு? முன்னால் நின்ற அம்மா ஆறு வாங்கினார்.

ஏழையும் அன்று இரவே கீழ்த்தட்டில் அடுக்கினேன், காலையில் பிரித்துக்கொள்ளலாம் என்று. வெப்பமானி 8-க்கு ஏறிவிட்டது. வெளிச்சூட்டோடு வந்த பத்துக் கிலோ கறியை ஒரு வீட்டுப் பெட்டி ஒரே ராத்திரியில் குளிரவைக்க முடியாது. பதினொரு மணிக்கு எழுந்து, வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். ஒரு வேளைக்கு ஒரு பை, காற்றை அமுக்கி வெளியேற்றி, புத்தகம் மாதிரித் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில். உருண்டையாகக் கட்டினால் நடுவில் உறைய நாளாகும், உருகவும் நாளாகும். மேலே மார்க்கரில் தேதி. -18 டிகிரியில் முழுக் கோழி ஒரு வருடமும் துண்டுகள் ஒன்பது மாதமும் ருசி கெடாமல் இருக்கும். பாதுகாப்பு என்று பார்த்தால் உறைந்திருக்கும் வரை கெடாது. ஆனால் உறைவதால் கிருமி சாவதில்லை, தூங்குகிறது. கம்போங் கோழிக்கு, அதாவது நம்ம நாட்டுக்கோழி மாதிரியானதுக்கு, தடை அந்த ஜூன் மாதமே விலகியது. சாதாரணக் கோழிக்கு அக்டோபர் 11 வரை ஆனது. என் ஏழு கோழி ஜூலை தாண்டவில்லை.

தூங்குவதை எழுப்பும் விதத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுகிறோம். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும்போது ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போனால் ஆறு மணிக்கு வரும்போது பதமாக இருக்கும் என்பது ஒரு வசதி. நடுவில் கல்லாக இருக்கும்போதே வெளித்தோல் அறைச்சூட்டுக்கு வந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் தட்டைப் பை மறுநாள் சாயங்காலத்துக்குள் உருகிவிடும், முழுக் கோழிக்கு ஒரு நாள் முழுதாக வேண்டும். மறந்துவிட்டதா, நீர் புகாத பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் அரைக் கிலோ ஒரு மணி நேரத்தில் தயார், உடனே சமைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜிலேயே உருகியதை மட்டும் இன்னும் ஒன்று, இரண்டு நாள் வைத்திருக்கலாம், மனம் மாறினால் திரும்ப உறையவும் வைக்கலாம்.

போன வருடம் அம்மா மூன்று மாதம் வந்து இருந்தார். அப்போதுதான் இத்தனை ஞானமும் சோதனைக்கு வந்தது.

முதல் சண்டை கழுவுவதில். கோழியைக் கழுவாதீர்கள், தெறிக்கும் தண்ணீர் கிருமியைச் சமையலறை முழுக்கப் பரப்பும் என்று பல நாட்டு உணவுத் துறைகளும் சொல்கின்றன. அம்மாவிடம் சொன்னேன். கல் உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் கழுவாத கோழியை அவர் கையால் தொடமாட்டார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. தோற்றேன். ஆனால் குழாயை நேரே திறந்துவிடாமல் ஆழமான பாத்திரத்துக்குள் மெதுவாக அலச ஒத்துக்கொண்டார். அப்புறம் தொட்டியை நான் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். சரியான வழி கழுவாமல் இருப்பதுதான், எனக்குத் தெரியும். என் வீட்டில் நடப்பது இது.

இரண்டாவது, மஞ்சள். "மஞ்சளும் உப்பும் தடவி வச்சா நாலு நாள் ஆனாலும் ஒண்ணும் ஆகாது." அவர் மனதில் இருப்பது உப்புக்கண்டம். அது வேறு கதை, உப்பு நீரை உறிஞ்ச, மீதியை வெயில் உறிஞ்ச, கிருமிக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேலே தடவிய இரண்டு சிட்டிகை மஞ்சள் அந்த வேலையைச் செய்யாது. தயிரும் மசாலாவும் போட்டு ஊறவைத்த கோழிக்கும் இரண்டு நாள்தான். "கொதிச்சா எல்லாம் செத்துரும்ல?" என்றார் கடைசி அஸ்திரமாக. கிருமி சாகும்மா, சில கிருமி விட்டுவிட்டுப் போகும் நஞ்சு கொதித்தாலும் போகாது என்றேன். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பெயரைச் சொன்னதும், இவ்வளவு நீளப் பேர் உள்ளதெல்லாம் நம்ம ஊரில் இல்லை என்றுவிட்டார்.

மூன்றாவதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் கோழி ஃபிரிட்ஜில் தங்குவதற்கு முக்கியக் காரணம் சோம்பல் இல்லை, விரதம். வியாழன் மாலை வாங்கி வந்தால் வெள்ளி சமைக்கக் கூடாது. சனி காலையில் பார்த்தால் பிரதோஷம். ஞாயிறுக்குத் தள்ளினால் அது மூன்றாம் நாள். ஒன்று, இரண்டு நாள் என்று எழுதி வைத்தவர்கள் வெள்ளிக்கிழமையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. மறுநாள் சமைக்க முடியாது என்று தெரிந்தால் வந்தவுடன் ஃப்ரீசர், மறுபேச்சு இல்லை என்று ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். மார்க்கரை அவர் கையில் கொடுத்து, பையில் தேதி எழுதச் சொன்னேன்.

அவர் ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து ஃப்ரீசரைக் கிளறியபோது அடியில் மூன்று தட்டைப் பைகள் கிடைத்தன. அழகாக, சாய்வாக, அவர் கையெழுத்தில். ஒன்றில் 'சஷ்டிக்கு மறுநாள்'. ஒன்றில் 'கிருத்திகைக்கு முந்தின நாள், கால் துண்டு மட்டும்'. மூன்றாவதில் வெறுமனே 'அமாவாசை கழிச்சு'. எந்த மாத அமாவாசை என்று கேட்க ஃபோன் எடுத்தேன். எடுக்கவில்லை, தூங்கியிருப்பார். சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களை மனைவி மளிகைக் கணக்கு எழுதச் சேர்த்து வைத்திருந்தாள். அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்து, பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தேன்.